முதலில் போவதைக் கொட்டிவிடுங்கள்

ஒரு நாள் முழுக்கப் போகும் சிறுநீரை ஒரு கேனில் பிடித்துத் தரும் 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனையில் ஊசி இல்லை, வலி இல்லை. ஆனாலும் மும்பையில் லேப் வேலை பார்க்கும் எங்களிடம் அதிகம் தப்பாக வந்து சேர்வது இந்தக் கேன்தான். தாராவி, சயன் கோலிவாடா பக்கமிருந்து வருகிறவர்கள் கேனை வாங்கிக்கொண்டு கேட்பார்கள்: “காலைல முதல்ல போறதயும் புடிக்கணுமாக்கா?”

வேண்டாம். காலை 6 மணிக்கு எழுந்ததும் போவது ராத்திரி முழுக்கச் சிறுநீர்ப்பையில் சேர்ந்தது, நேற்றைய கணக்கு. அதைக் கழிப்பறையில் விட்டுவிட்டு, கேன் மேல் ‘6 மணி’ என்று எழுதுங்கள். அதன்பின் ஒரு சொட்டு விடாமல் எல்லாம் கேனுக்குள். மறுநாள் காலை 6 மணிக்கு, முட்டாவிட்டாலும் ஒரு முறை போய் அதையும் ஊற்றி மூடுங்கள்.

தேடுவது பெரும்பாலும் அல்புமினை. கல்லீரல் செய்யும் புரதம் அது, 585 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு (100 மில்லி) மூன்றரை முதல் 5 கிராம் வரை இருந்து, குழாய்க்குள் நீரை இழுத்துப் பிடித்து வைக்கிறது. சிறுநீரக வடிகட்டி பழுதானால் அது ஒழுகிவிடும். பிடிக்க ஆள் இல்லாத நீர் திசுக்களில் இறங்கும். காலையில் கண் இமை உப்பும், சாயங்காலம் கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி விழும். நல்ல சிறுநீரகம் ஒரு நாளில் விடும் மொத்தப் புரதம் 150 மில்லிகிராமுக்குள். மூன்றரை கிராமைத் தாண்டினால் நெஃப்ரோடிக் அளவு, அதாவது வடிகட்டி பெரிதாக ஒழுகுகிறது.

ஒரு தடவை தவறினால் என்ன ஆகும்? ஒரு டெசிலிட்டரில் 120 மில்லிகிராம் புரதம், மொத்தம் ஒன்றரை லிட்டர் என்றால் நாளுக்கு 1,800 மில்லிகிராம். 300 மில்லி கேனுக்கு வராமல் போனால் அதுவே 1,440 ஆகிவிடும். மருந்து வேலை செய்கிறது என்று டாக்டர் நம்பிவிடுவார். அதனால்தான் அதே கேனில் கிரியாட்டினினும் பார்க்கிறோம். தசையிலிருந்து தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் வரும் கழிவு அது. 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளுக்குச் சுமார் 900 முதல் 1,200 மில்லிகிராம் வரவேண்டும். 500 என்று வந்தால், பெரும்பாலும் பாதிதான் பிடித்திருக்கிறார்கள்.

பொதுக் கழிப்பறைக்குப் போகிறவர்களுக்கு இது நிஜமாகவே கஷ்டம். மூடி போட்ட அரை லிட்டர் டப்பா ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். மலம் கழிக்கும் முன் சிறுநீரைத் தனியே பிடித்துவிடுங்கள், சேர்ந்து போனால் அளவு போய்விடும். ஞாயிறு காலை ஆரம்பித்தால் வேலைக்கு ஓட வேண்டாம், திங்கள் காலை கொடுத்துவிடலாம். வெயிலில் வைத்தால் கிருமி பெருகிக் கெட்டுவிடும். ஃபிரிட்ஜில் மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைக்க மனம் வராது, புரிகிறது. ஐஸ் போட்ட வாளி போதும். மாதவிலக்கு, காய்ச்சல், நீர்க்கடுப்பு இருந்தால் தள்ளிப்போடுங்கள். மூன்றிலும் எண் ஏறும்.

புரதத்தைக் கண்ணால் பார்க்க ஒரு பழைய வழி உண்டு. சோதனைக் குழாயில் முக்கால் பங்கு சிறுநீர் ஊற்றி, மேல் பாதியை மட்டும் தீயில் காட்டுவோம். கீழே தெளிவாக இருக்க, மேலே முட்டை வெள்ளை வெந்தது மாதிரி வெண்மை திரளும். சில சொட்டு அசிட்டிக் அமிலம் விட்டதும் கலைந்தால் பாஸ்பேட் என்ற உப்பு, நின்றால் புரதம். சிறுநீரில் நனைத்து நிறம் பார்க்கும் ஸ்ட்ரிப்பில் ‘இல்லை’ என்று வந்து, கேனில் கிராம் கணக்கில் புரதம் இருந்தால் அலட்சியம் கூடாது. ஸ்ட்ரிப் அல்புமினுக்குத்தான் நிறம் மாறும். மயலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயில் ஒழுகும் லைட் செயின் புரதம் அதன் கண்ணில் படாது.

ஒழுகுகிறதே என்று புரோட்டீன் பவுடர் வாங்கித் தின்பவர்கள் உண்டு. ஓட்டை அடையாமல் ஊற்றுவதால் வடிகட்டிக்குத்தான் சுமை. டாக்டர்கள் பெரும்பாலும் தருவது ராமிப்ரில் மாதிரி மாத்திரை. ஆஞ்சியோடென்சின் 2 என்ற, எட்டே அமினோ அமிலம் கொண்ட பெப்டைடு (குட்டிப் புரதச் சங்கிலி) வடிகட்டிக்குள் அழுத்தத்தை ஏற்றுகிறது. மாத்திரை அது உருவாவதைக் குறைக்கிறது. அதே வேலையில் பிராடிகைனின் என்ற இன்னொரு பெப்டைடு சிதையாமல் தேங்குவதால் சிலருக்கு வறட்டு இருமல் வரும். இருமலுக்குப் பயந்து தானாக நிறுத்திவிட்டு அடுத்த கேனைக் கொண்டுவராதீர்கள். டாக்டரிடம் சொன்னால் இருமல் அரிதாகவே வரும் லோசார்ட்டான் வகைக்கு மாற்றித் தருவார். எந்த மாத்திரை, எந்தத் தேதியிலிருந்து என்பதையும் கேன் சீட்டில் எழுதுங்கள்.