சரி சார்

அந்த ஃபோனை நான் பண்ணியிருக்கக் கூடாது. ஆபீஸில் யாரையாவது கூப்பிடச் சொல்லியிருந்தால் இப்படி மனசில் கிடந்து உருண்டுகொண்டிருக்காது. “பி.டி. சார் கூப்பிட்டாத்தான் பையன் வருவான்” என்று தாளாளர் சொல்லிவிட்டார். விளையாட்டில் சாதித்த முன்னாள் மாணவர்கள் ஐந்து பேருக்கு ஆண்டு விழாவில் பொன்னாடை, கேடயம். நாலு பேர் விஷயத்தில் சிக்கல் இல்லை. ஐந்தாவது ஆள், சென்னையில் ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை வாங்கிய கபடிக்காரன்.

“சார், நான் பத்தாவது அங்க படிக்கலையே” என்றான். கோபமெல்லாம் இல்லை, விவரம் சொல்வது மாதிரிதான் சொன்னான்.

“அதனால என்னடே, நீ நம்ம பையன்தான?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “சரி சார்.”

அவன் அப்பாவும் அன்றைக்கு இதையேதான் சொன்னார். ஒன்பதாவது முழுப் பரீட்சை முடிந்த சமயம். பத்தாவதில் நூறு சதவீதத் தேர்ச்சியைக் கெடுக்கப்போகிறவர்கள் என்று ஒரு பட்டியல் வந்தது. அதில் இவன் பெயர். சேரன்மகாதேவிப் பக்கம் வாழைத்தார் சுமக்கிறவர், தோளில் வாழைக்கறை படிந்த சட்டையோடு வந்து நின்றார். “அரசுப் பள்ளியில சேத்தா விளையாட நேரம் கிடைக்கும்” என்று அவரிடம் எடுத்துச் சொன்னது நான். டி.சி.யைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நான் சொன்னது பொய்யில்லையே. எங்களிடம் இருந்திருந்தால் சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸில் உட்கார்ந்திருப்பான். அங்கே போனதால் தினமும் ஆட்டம், பிளஸ் ஒன்னில் விளையாட்டு விடுதி. கபடி வீரர் மணத்தி கணேசன் 1994-இல் ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற கதையை அவனுக்குச் சொன்னதும் நான்தான். ஆனால் ஆட்டம் அவனுடையது. இடது கார்னரில் குனிந்து நிற்பான். பாடி வருகிற ரைடரின் முகத்தைப் பார்க்கவே மாட்டான், காலை மட்டும்தான். போனஸ் புள்ளிக்கு அந்தக் கால் நீண்டதும் கணுக்காலில் கை விழும். அதை நாங்கள் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கேடயத்தில் மட்டும் ‘இப்பள்ளியில் உருவான’ என்று இருந்தது.

அறிமுகக் குறிப்பில் ‘ஒன்பதாம் வகுப்பு வரை’ என்று எழுதியிருந்தேன். “இது எதுக்கு சார்?” என்று தாளாளர் அதன் மேல் ஒரு கோடு போட்டார். அவர்தான் அடித்தார் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அவன் படித்து முடித்த அரசுப் பள்ளியின் பெயரை நான் முதலிலேயே எழுதவில்லை என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

மேடையில் அவனிடம் மைக்கைக் கொடுத்தார்கள். “பி.டி. சார்தான் எங்க அப்பாகிட்ட பேசி, விளையாட நேரம் கிடைக்கும்னு அனுப்பி வெச்சாங்க” என்றான். கைதட்டல். என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் எழுந்து கும்பிட்டேன்.

மனசாரச் சொன்னானா, குத்திக் காட்டினானா? கீழே இறங்கியதும் கேட்டுவிடலாம் என்றுதான் போனேன். “இருந்து சாப்பிட்டுட்டுப் போடே” என்பதுதான் வாயில் வந்தது.

“சரி சார்” என்றான்.

பந்தியில் தேடினேன். ஆளைக் காணோம். நெல்லை எக்ஸ்பிரஸுக்கு நேரமாகியிருக்கலாம்.