வியாழக்கிழமை கடைசி பீரியட்

செப்டம்பர் 5, 2024

ஒருவழியாக ஆரம்பித்துவிட்டோம். ஆறாம் வகுப்பு, 28 பேர், பள்ளிக்கூடத்துக்குள்ளேயே நிற்கிற புங்க மரத்தடி. பஸ் வேண்டாம், பெற்றோர் கையெழுத்து வேண்டாம், ஹெச்.எம்.மிடம் ஒரு வார்த்தை சொன்னதே போதுமாக இருந்தது. மரங்களின் பருவ மாற்றங்களைப் பதிவுசெய்கிற சீசன்வாட்ச் திட்டத்தில் செய்வதைப் போல ஒரே மரத்தை வாரம் ஒருமுறை பார்த்து, தளிர், பூ, காய் ஒவ்வொன்றும் இல்லையா, கொஞ்சமா, நிறையவா என்று நோட்டில் எழுதவேண்டும்.

முதல் ஐந்து நிமிடம் ஒரே சத்தம். அப்புறம் ஒரு பெண் ஓர் இலையை நீட்டி, "மிஸ், இலையிலேயே காய் காய்ச்சிருக்கு" என்றாள். இலைமேல் விரல் விரலாக முண்டு. எனக்குப் பதில் தெரியும், நாக்கு நுனி வரை வந்துவிட்டது, ஆனாலும் "பிளந்து பாரு" என்று மட்டும் சொன்னேன். பத்து நிமிடம் பிளந்தார்கள். விதை இல்லை, புழு இல்லை, உள்ளே வெறும் கூடு. கடைசியில் சொன்னேன்: கண்ணுக்கே தெரியாத ஒரு சிலந்திப் பூச்சி சாறு உறிஞ்சுவதால் இலை இப்படிப் புடைத்துக்கொள்கிறது, தேங்காயைச் சொறி பிடிக்க வைக்கிற ஈரியோபைட் இருக்கிறதே, அதற்குச் சொந்தம். உடனே ஒருத்தன், "எங்க தோப்புல அது இருக்கு மிஸ், அப்பா வேப்பெண்ணெய் அடிப்பாரு" என்றான். ஒரு சொந்தக்காரனைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது அவன் முகம்.

செப்டம்பர் 12

கேட்டுக்கு வெளியே கிணற்று மேட்டில் நிற்கிற பனைமரத்தில் தூக்கணாங்குருவிகள் கட்டிக்கொண்டிருக்கின்றன. இன்று அங்கே போய் உட்கார்ந்தோம். கட்டுவது ஆண் குருவி. பாதிவரை கட்டி, தலைக்கவசம் மாதிரி இருக்கும்போது நிறுத்திவிட்டு, நுனியைப் பிடித்துத் தொங்கிச் சிறகடிக்கும். பெண் குருவி வந்து பார்த்து, பிடித்தால்தான் மீதிக் கூடும் நுழைகிற குழாயும். இதில் ஒன்றைக்கூட நான் வாய்திறந்து சொல்லவில்லை, மஞ்சள் தலைக்காரன்தான் நாரைக் கொண்டுவருகிறான் என்பதை இருபது நிமிடத்தில் அவர்களே பிடித்துவிட்டார்கள். மஞ்சள் இல்லாத குருவி வந்து ஒரு கூட்டைச் சுற்றிப் பார்த்ததும் பின்னாலிருந்து ஒரு குரல்: "பொண்ணு வீடு பார்க்க வந்திருக்குடா!"

ஒருத்தன் மட்டும் வேறு விஷயம் சொன்னான். கூட்டுக்குள் களிமண் உருண்டை இருக்கும், ராத்திரி வெளிச்சத்துக்குக் குருவி அதில் மின்மினியை ஒட்டி வைக்கும் என்று அவன் ஆயா சொன்னதாம். பாதி வகுப்பு சிரித்தது, பாதி "ஆமா, எங்க ஆயாவும் சொல்லும்" என்றது. நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. குஞ்சுகள் போகட்டும், கூடு காலியாகட்டும், பார்க்கலாம் என்றேன். கேள்வியை நோட்டில் எழுதித் தேதி போட்டோம்.

அக்டோபர் 24

இந்த வாரம் போகவில்லை. பாடம் பின்தங்கிவிட்டது. இடைவேளையில் மூன்று பேர் மட்டும் போய் மரத்தைப் பார்த்து எழுதிவிட்டு வந்திருக்கிறார்கள், யாரும் சொல்லாமலே.

நவம்பர் 23

சனிக்கிழமை, சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடுகிற குறுவள மையத்தில் பயிற்சி. என் வியாழக்கிழமைகளைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். கேட்ட ஆசிரியர்களுக்கு இருந்த ஒரே பயம், "பறவை பேரெல்லாம் எனக்குத் தெரியாதே". எனக்கும் பாதி தெரியாது. தெரிந்ததையும் உடனே சொல்லக்கூடாது என்று இப்போது உறுதியாகவே நினைக்கிறேன், பெயர் கிடைத்த நொடியில் பிள்ளைகள் எழுதிக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள், பார்ப்பது அங்கேயே நின்றுவிடுகிறது.

வேடந்தாங்கலுக்கே கூட்டிப்போனால் என்ன என்று ஒருவர் கேட்டார். போகலாம், பக்கம்தான். ஏரித் தண்ணீரில் பறவை எச்சம் சேர்ந்து வயலுக்கு உரமாகிறது என்பதைக் கண்டுகொண்டு, தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்த ஊர் அது, அந்தக் கதையை அங்கே நின்று சொல்லலாம். ஆனால் வருஷத்துக்கு ஒருநாள் ஆயிரம் பறவை பார்ப்பதற்கும், வாரம் தவறாமல் ஒரு மரத்தைப் பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் நான் மரத்தடிக்கே போவேன்.

டிசம்பர் 5

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து ஐந்து நாள் ஆகிறது. ஏரி நிரம்பிவிட்டது. பனை நிற்கிறது, ஓலை நாலைந்து முறிந்து விழுந்து, அதோடு ஏழு கூடுகள். ஒவ்வொன்றிலும் முட்டை, குஞ்சு ஏதும் இல்லை என்று பார்த்துவிட்டு வகுப்புக்கு எடுத்துவந்தோம்.

பிரித்தவன் அந்த ஆயாவின் பேரன்தான். உள்சுவரில் காய்ந்த மண், திட்டுத் திட்டாக. வகுப்பே மூச்சுவிடவில்லை. நகத்தால் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தான், தண்ணீரில் கரைத்துப் பார்த்தான். மின்மினி இல்லை, ஒரு சிறகுகூட இல்லை. ஆனால் மண் இருக்கிறது! ஆயா சொன்னதில் பாதி சரி.

அப்படியானால் மண் எதற்கு? காற்றில் கூடு ஆடாமல் இருக்க என்றார்கள் சிலர். சரி, செய்து பார்க்கலாம் என்று ஹெச்.எம். அறையிலிருந்து டேபிள் ஃபேனைத் தூக்கிவந்து இரண்டு கூடுகளைக் கயிற்றில் தொங்கவிட்டோம், ஒன்றில் ஈரக் களிமண் அப்பி, ஒன்றில் மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு. மண் இல்லாதது பம்பரமாகச் சுற்றியது, மண் உள்ளது மெல்ல ஆடியது. கைதட்டல். "குருவி அதுக்குத்தான் ஒட்டுதுன்னு எப்படி மிஸ் சொல்றது?" என்று கேட்டாள் ஒருத்தி. இந்த வருஷம் என் வகுப்பில் கேட்கப்பட்ட மிக நல்ல கேள்வி இதுதான். நோட்டில் ஏறிவிட்டது.

டிசம்பர் 12

கூட்டை வீட்டுக்கு எடுத்துப்போய் ஆயாவிடம் காட்டினானாம். "எங்க காலத்துக் குருவி ஒட்டிச்சு" என்று சொல்லிவிட்டாராம்.

ஜனவரி 16, 2025

காணும் பொங்கல். பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்காக ஏரிக்கரையில் ஒன்பது பேர், இரண்டு அப்பாக்கள். மண் அள்ளிய பள்ளங்கள் ஆழமாக இருப்பதால் கரையைவிட்டு யாரும் இறங்கவில்லை. பதினைந்து நிமிடம் பார்த்து எண்ணினாலே ஒரு பட்டியல் ஆகிவிடும், நாங்கள் ஒரு மணிநேரம் நின்றோம்.

தண்ணீர் ஓரத்தில் மெலிந்த ஒரு குருவி. எங்கள் வகுப்புப் பையன் ஒருவன் எழுதியது: "பேர் தெரியாது. 2. நடக்குது, வாலை ஆட்டிக்கிட்டே இருக்கு." பார்த்து முடித்துவிட்டான் என்று தெரிந்த பிறகு, அதன் பெயர் வாலாட்டி என்றேன்.

"நான் எழுதுனதைப் பார்த்துச் சொல்றீங்களா மிஸ்?"

இல்லடா, நிஜமாகவே அதுதான் பேர் என்றதும் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்: நத்தை குத்தி, மீன்கொத்தி, ஆள்காட்டி, முக்குளிப்பான். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு ஏரியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மாலையில் பறவைப் பட்டியல்களைப் பதிவுசெய்கிற ஈபேர்ட் இணையதளத்தில் ஏற்றினேன். நாமக்கோழி 64, முக்குளிப்பான் 11, நத்தை குத்தி நாரை 23, ஆள்காட்டி 4, வாலாட்டி 2.