காலைல காபிக்கு முன்னாடி நாலு மாத்திரை

எங்க பக்கம் அப்பாவ நைனான்னு தான் கூப்டுவோம். எங்க நைனாவுக்கு 71 வயசு, குடியாத்தத்துல லுங்கி தறி ஓட்டுன மனுஷன், நாலரை மணிக்கு எழுந்து பால் வந்ததும் ஒரு டம்ளர் காபி, அதுல ரெண்டு பொறை முக்கி சாப்ட்டா தான் அவருக்கு பொழுது விடிஞ்ச கணக்கு. போன வருஷம் இடுப்பு வலின்னு ஆரம்பிச்சு, வேலூருக்கு இட்டுனு போய், பிஎஸ்ஏ (இந்த கேன்சர் ஏறுதா இறங்குதான்னு காட்டுற ரத்த டெஸ்ட்), பயாப்சி (துளி சதை எடுத்து பாக்குறது), எலும்பு ஸ்கேன்னு எல்லாம் முடிஞ்சப்ப, புராஸ்டேட் (ஆம்பளைங்களுக்கு மூத்திரப் பைக்கு கீழ இருக்கற சுரப்பி) கேன்சர் எலும்புக்கும் போயிடுச்சுன்னு சொன்னாங்க. அந்த நாளப் பத்தி நான் எழுதப் போறதில்ல. அதுக்கு குடுக்கற அபிராடிரோன் மாத்திரையப் பத்தி எழுதணும், ஏன்னா ஓபில வெயிட் பண்றப்ப பக்கத்துல உக்காந்திருக்கறவங்க எல்லாம் (பாதி பேரு பெங்கால்ல இருந்து ரயில் ஏறி வந்தவங்க, காந்தி ரோடு பக்கம் லாட்ஜ்ல தங்கியிருப்பாங்க, எனக்கு தெரிஞ்ச அரைகுறை இந்தில பேசிப்போம்) கேக்குறது இத தான், எப்ப போடணும், எதோட போடணும், வெறும் வயித்துல போட்டா புண்ணு வராதா.

முதல்ல ஊசி. மூணு மாசத்துக்கு ஒண்ணு. இந்த கேன்சர் ஆம்பள ஹார்மோன தின்னு தான் வளருது, அதனால அத நிறுத்தணும், அதுக்கு ஊசி போடலாம், இல்ல விதைய எடுத்துட்டா ஒரே தடவையில முடிஞ்சிடும், மாத்தி மாத்தி ஊசி செலவு கிடையாதுன்னு டாக்டர் சொன்னாரு. நைனா என்னை வெளிய போகச் சொல்லிட்டு தம்பி கிட்ட ஏதோ பேசுனாரு, அப்புறம் ஊசின்னு முடிவாச்சு. ஊசி போட்ட புதுசுல ஹார்மோன் குறையறதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் ஏறுமாம், அத தடுக்க பைகலுடமைடுன்னு ஒரு மாத்திரை சில வாரம் குடுத்து நிறுத்திட்டாங்க.

ஆனா ஊசி விதைல இருந்து வர்றத மட்டும் தான் மூடும். கிட்னி மேல தொப்பி மாதிரி உக்காந்திருக்கற அட்ரீனல் சுரப்பியும் கொஞ்சம் சுரக்குது, சில நேரம் அந்த கட்டியே தனக்கு வேணுங்கறத தானே செஞ்சிக்குது. அந்த குழாயையும் அடைக்கிறது தான் அபிராடிரோன். நைனாவுக்கு 250 மில்லிகிராம் மாத்திரை நாலு, ஒரே தடவையா, தினமும். கூடவே பிரட்னிசோலோன் 5 மில்லிகிராம் ஒண்ணு. வீட்ல பெரிய மாத்திரை, சின்ன மாத்திரைன்னு பேராயிடுச்சு.

பெரிய மாத்திரைக்கு சட்டம் என்னன்னா, போடுறதுக்கு 2 மணி நேரம் முன்னாடி எதுவும் சாப்ட்ருக்கக் கூடாது, போட்ட அப்புறம் 1 மணி நேரம் எதுவும் சாப்டக் கூடாது, தண்ணி மட்டும், கடிக்காம உடைக்காம முழுங்கணும். சின்ன மாத்திரை அதுக்கு நேர் எதிர், சாப்ட்டு தான் போடணும். ரெண்டையும் ஒரே கவர்ல போட்டு ஒரே நேரத்துல போடுறவங்கள நானே பாத்திருக்கேன். முதல் நாளே நைனா சண்டைக்கு வந்துட்டாரு, "இன்னாமா நீ, ஒரு வாய் காபி குட்ச்சா இன்னா ஆயிடப் போவுது" அப்டின்னு. நானும் வயித்துப் புண்ணுக்காக தான் சொல்றாங்கன்னு நெனச்சிட்டு இருந்தேன், அதுக்கு இல்ல. சாப்பாட்டோட போனா, அதுலயும் எண்ணெய் கொழுப்பு ஜாஸ்தியான சாப்பாடுன்னா, இந்த மருந்து ரத்தத்துல ஏறுற அளவு 10 மடங்கு வரைக்கும் போகும். ஆம்பூர் பிரியாணி தின்னுட்டு நாலு மாத்திரை போட்டா அது நாலு மாத்திரையா இருக்காதுன்னு நான் நைனாவுக்கு சொன்னேன். அது புரிஞ்சிச்சு.

ராத்திரி போடலாம்னு பாத்தோம், எட்டு மணிக்கு சாப்ட்டு எட்டரைக்கு தூங்குற ஆளு, பத்தரைக்கு எழுப்புனா வீடே எழுந்துக்கும். கடைசில எழுந்த உடனே, நாலே முக்காலுக்கு பெரிய மாத்திரை தண்ணியோட, காபி பொறை ஆறு மணிக்கு மேல, எட்டு மணிக்கு இட்லி சாப்ட்டு சின்ன மாத்திரைன்னு ஒரு அட்டைல பெருசா எழுதி காலண்டர் பக்கத்துல ஒட்டிட்டேன். ஓபில ஒருத்தர் எனக்கு ஒரே மாத்திரை தான், அதுவும் டிபனோடன்னு சொன்னாரு. அப்படியும் எழுதுறாங்க, 2018ல 72 பேர வெச்சு பண்ண ஒரு ஆராய்ச்சில 250 மில்லிகிராம் ஒரு மாத்திரைய கொழுப்பு கம்மியான டிபனோட குடுத்து பாத்திருக்காங்க, செலவு நாலுல ஒரு பங்கா குறையும். ஆனா அத டாக்டர் எழுதணும். பக்கத்து சீட்டுக்காரருக்கு எழுதுனத பாத்துட்டு நாம வீட்ல மாத்திக்க முடியாது.

இப்ப சின்ன மாத்திரை கதைக்கு வர்றேன், இத எழுத உக்காந்ததே இதுக்காகத் தான்.

மூணாவது மாசம் தெருவுல ஒருத்தர் சீட்ட வாங்கி படிச்சிட்டு, "இது ஸ்டீராய்டாச்சே, சுகர் ஏறும், எலும்பு கரையும், இத எதுக்கு தின்றீங்க"ன்னு சொல்லிட்டாரு. அவர் சொன்னது சுத்த பொய்யும் இல்ல, சுகர் ஏறும் தான், எலும்புக்கும் ஆகாது தான், அதுக்காகத் தான் கால்சியமும் வைட்டமின் டியும் எழுதியிருக்காங்க. நைனா யாருக்கும் சொல்லாம சின்ன மாத்திரைய மட்டும் நிறுத்திட்டாரு. கேன்சருக்கு பெரிய மாத்திரை தானே முக்கியம், அது போட்டா போதும்னு அவர் கணக்கு. ரெண்டு மூணு வாரத்துல கணுக்கால் வீங்கிச்சு, ராத்திரில கெண்டைக்கால் இழுக்குது, தறி நெய்யறப்ப கூட இவ்ளோ அசதி இருந்ததில்லன்னு படுத்தே கிடக்கறாரு. நான் காட்பாடில இருக்கேன், போன்ல எல்லாம் நல்லா கீறேன்னு தான் சொல்வாரு. தம்பி பக்கத்துல ஒரு கிளினிக்குக்கு இட்டுனு போனான், பிபி 180க்கு 100, வீக்கத்துக்கு தண்ணி பிரியற மாத்திரை எழுதி குடுத்தாங்க. கேன்சர் மாத்திரை போடுறாருன்னு இவனும் சொல்லல, அவங்களும் கேக்கல.

நான் போய் பாத்து பயந்து வேலூருக்கு தூக்கிட்டு ஓடுனேன். பொட்டாசியம் 2.8. சாதாரணமா 3.5க்கு மேல இருக்கணும், இவ்ளோ குறைஞ்சா இதயத் துடிப்பே தாறுமாறா ஆகலாம்னு உடனே ஈசிஜி எடுத்தாங்க. டாக்டர் அங்கியே ஒரு பேப்பர்ல படம் போட்டு காட்டுனாரு. அபிராடிரோன் அடைக்கிற குழாய் ஆம்பள ஹார்மோனுக்கு மட்டும் போறதில்ல, கார்டிசோலுக்கும் அதே வழி தான். கார்டிசோல் குறைஞ்சதும் மூளை இன்னும் சுரன்னு அட்ரீனல வெரட்டும், அது வேற வழியில்லாம திறந்திருக்கற குழாய் பக்கமா தள்ளும், அந்தப் பக்கம் வர்றது உப்பையும் தண்ணியையும் பிடிச்சு வெச்சிட்டு பொட்டாசியத்த வெளிய தள்ளுற ஹார்மோன். வீக்கம், பிபி, கால் இழுப்பு மூணும் அதனால. சின்ன மாத்திரை போய் மூளைய சமாதானப்படுத்தி உக்கார வைக்குது, அவ்ளோ தான் அதோட வேலை, ஆனா அது இல்லாம பெரிய மாத்திரை ஆபத்து. அதோட இவ்ளோ நாள் போட்ட ஸ்டீராய்ட திடீர்னு நிறுத்தறதும் தப்பு. வாந்தி பேதி வந்து மாத்திரை உள்ள நிக்கலன்னா கூட வீட்ல பாத்துட்டு இருக்காதீங்க, உடனே வாங்கன்னாரு.

அந்த தண்ணி மாத்திரைல ரெண்டு மருந்து சேந்திருந்துச்சு. ஒண்ணு பொட்டாசியத்த இன்னும் இறக்குற வகை, இன்னொண்ணு ஸ்பைரோனோலாக்டோன். அபிராடிரோன் போடுறவங்களுக்கு ஸ்பைரோனோலாக்டோன் ஆகாது, ஏன்னா நாம எந்த ஹார்மோன் வாசல மூட பாடுபடுறோமோ அதையே போய் தட்டி விடும், பிஎஸ்ஏ ஏறலாம். ரெண்டையும் நிறுத்தி, பெரிய மாத்திரைய சில நாள் நிறுத்தி வெச்சு, பொட்டாசியம் சிரப் குடுத்து (நைனா மூஞ்சிய பாக்கணுமே, அவ்ளோ கசப்பு), சின்ன மாத்திரைய திரும்ப ஆரம்பிச்சு, பிபி இறங்குன அப்புறம் தான் பெரிய மாத்திரை.

அதுலருந்து எந்த டாக்டர் கிட்ட போனாலும், பல்லு டாக்டரா இருந்தாலும், எல்லா மாத்திரையும் ஒரு மஞ்சப் பைல போட்டு எடுத்துட்டு போறோம். சுகர் மாத்திரைல பயோகிளிட்டசோன் இருந்தா இதோட சேந்து சுகர் ரொம்ப இறங்கிடலாம், டிபிக்கு குடுக்குற ரிஃபாம்பிசின் இந்த மருந்தோட வேலையவே குறைச்சிடும், இதெல்லாம் பைய கொட்டி பாத்தா தானே தெரியும். நாட்டு மருந்து சூரணமும் அந்த பைல தான்.

இன்னொரு நாள் மெடிக்கல்ல வழக்கமான 250 இல்லன்னு 500 மில்லிகிராம் அட்டை குடுத்துட்டாங்க, ஒண்ணும் சொல்லல. நைனா பழக்கத்துல நாலு எடுத்து உள்ளங்கைல வெச்சிருக்காரு, 2000 ஆகியிருக்கும். மாத்திரை பெருசா இருக்கேன்னு அவரே சந்தேகப்பட்டு போன் பண்ணாரு, நல்ல வேளை. அதேபோல ஒரு நாள் மறந்துட்டா மறுநாள் எட்டா போடக்கூடாது, வழக்கம் போல நாலு தான்.

தம்பி பொண்டாட்டி அப்ப மாசமா இருந்தா, மாமனாருக்கு தினமும் அவ தான் மாத்திரைய டப்பால பிரிச்சு வெப்பா. மாத்திரை அட்டையோட வந்த சீட்ட படிச்சப்ப தான் தெரிஞ்சுது, மாசமா இருக்கறவங்க, ஆகக்கூடியவங்க வெறும் கையால இத தொடக்கூடாது, கையுறை போடணும். வயித்துல இருக்கற குழந்தைக்கு ஆகாது. அன்னிக்கே அந்த வேலைய தம்பி கைக்கு மாத்திட்டோம்.

ரத்த டெஸ்ட்டுக்கு சலிச்சுக்காதீங்க. முதல் 3 மாசம் 2 வாரத்துக்கு ஒரு தடவ லிவர் டெஸ்ட், அப்புறம் மாசா மாசம், கூடவே பொட்டாசியம், பிபி. கண்ணு மஞ்சளாச்சுன்னா, மூத்திரம் டீத்தண்ணி மாதிரி போச்சுன்னா அடுத்த டெஸ்ட் தேதி வரைக்கும் காத்திருக்க வேணாம். முதுகு வலியோட காலு திடீர்னு வலுவில்லாம போச்சுன்னா அது மாத்திரை விஷயம் இல்ல, கட்டி தண்டுவடத்த அழுத்தலாம், அன்னிக்கே ஆஸ்பத்திரி. திடீர் திடீர்னு உடம்பு தீயா கொதிச்சு வேர்க்கறது ஊசியால வர்றது, அதுக்கு பயப்பட வேணாம், நைனா என்னமோ "வேலூர் வெயிலு எனக்குள்ள பூந்துனு கீது"ன்னு சொல்லிக்கறாரு. விலை முன்ன மாதிரி பயங்கரம் இல்ல, நம்ம நாட்டு கம்பெனிங்களே நிறைய பேரு செய்றாங்க, 2019ல உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்து பட்டியல்ல அபிராடிரோன சேத்துடுச்சு. ஆனாலும் மெடிக்கலுக்கு மெடிக்கல் விலை மாறுது, நாலு இடம் கேட்டு வாங்குங்க.

போன மாசம் பிஎஸ்ஏ நல்லா இறங்கியிருக்கு. பொட்டாசியம் 4.1. நைனா வீட்ல சுவத்துல கடிகாரம் இருக்கு, கைலயும் வாட்ச் இருக்கு, ஆனாலும் தினமும் ஆறு மணிக்கு காட்பாடிக்கு போன் பண்ணி, "மணி ஆறாயிச்சாமா, குட்ச்சிடட்டுமா"ன்னு கேக்கறாரு. நான் தூக்கத்துலயே குடி நைனான்னு சொல்றேன்.