கப்பல் ஜன்னல் கீல் ஒருவழியாகக் கழன்றது

கீல் ஊசி வெளியே வந்துவிட்டது. இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

பன்னிரண்டு அங்குலப் பித்தளை போர்ட்ஹோல், குஜராத்தில் கப்பல் உடைக்கும் அலங்கில் உடைத்த ஏதோ கப்பலுடையது. கண்ணாடியை மறைக்கிற புயல் மூடி இல்லாமலே பத்துக் கிலோவுக்குக் குறையாது. உள்ளே இரும்பா என்று காந்தம் வைத்துப் பார்த்துத்தான் வாங்கினேன். வளையத்தில் எங்கேயும் ஒட்டவில்லை, கீல் ஊசியில் மட்டும் டப்பென்று ஒட்டியது. எந்தக் காலத்திலோ ஒரு புண்ணியவான் பழைய ஊசியை எடுத்துவிட்டு இரும்புக் கம்பியை அடித்து இறக்கியிருக்கிறான். உப்புத் தண்ணீரில் பித்தளையோடு சேர்ந்தால் அரிப்பு இரும்பைத்தான் தின்னும், அந்தத் துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். துளைக்குள் ஆப்பு இறங்கிய மாதிரி இறுகிக் கிடந்தது.

துருவை இளக்கத் தெளிக்கிற டபிள்யூ டி 40 எல்லாம் இதுக்கு மேலே தெளித்த பன்னீர்தான். சுத்தியலில் ஓங்கிப் போடவும் முடியாது, ஊசி நுழைகிற வார்ப்புக் காது பொட்டென்று போய்விடும். கணபதியில் தெரிந்த லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "ஏனுங் தம்பி, இதென்ன கெணத்து மோட்டாரு மூடிங்களா?" என்றார் அண்ணன். கப்பல் ஜன்னல் என்றதும் கோயமுத்தூருக்கு எதுக்குக் கப்பல் என்கிற மாதிரி ஒரு பார்வை. ஆனால் வழி சொன்னது அவர்தான். சூடு.

ஒரு மீட்டர் பித்தளை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 19 மைக்ரான் நீளும், இரும்பு 12 தான். அதனால் ஊசியில் தீ காட்டக் கூடாது, சுற்றியிருக்கும் காதை மட்டும் சுட வேண்டும். கண்ணாடியையும் ரப்பரையும் முன்பே கழற்றிவிட்டேன். அந்த இடத்துப் பெயின்டையும் ஸ்ட்ரிப்பர் போட்டு ஈரத்தோடு சுரண்டியாயிற்று, பழைய கப்பல் பெயின்டில் ஈயம் இருக்கும், அதைச் சுட்டு மூச்சில் இழுக்க எனக்கு ஆசையில்லை. காது சூடானதும் டார்ச்சை அணைத்துவிட்டு மெழுகுவர்த்தியை ஊசி ஓரத்தில் தொட வேண்டும். உருகி, சர்ரென்று உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆறவிட்டு மறுபடி சூடு, மறுபடி மெழுகு. பொறுமைக்கு வைத்த சோதனை. ஒரு கட்டத்தில் மறுபுறம் செம்பழுப்பாக மெழுகு கசிந்தது பாருங்கள், அப்போதே தெரிந்துவிட்டது. பித்தளைக் கம்பியை வைத்து லேசாகத் தட்ட, கீச்சென்று ஒரு நூல் நகர்ந்தது. அப்புறம் என்ன, தட்டத் தட்ட வந்துகொண்டே இருந்தது.

புது ஊசிக்கு பம்ப் புஷ் கடைகிற கன்மெட்டல் (வெண்கல வகை) ராடிலேயே ஒரு துண்டு கடைந்து தருகிறேன் என்றிருக்கிறார் அண்ணன். நம்ம ஊரில் இதற்குப் பஞ்சமா? ரப்பருக்குக் கரூர்தான் போக வேண்டும், பஸ் பாடி கட்டுகிறவர்களுக்குச் சரக்குப் போடும் கடைகளில் பீடிங் விதவிதமாகக் கிடைக்கும்.

வீட்டில் அம்மா புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிடத் துடிக்கிறார். விளிம்பு மட்டும் மின்னினால் போதும், அடிபட்ட தழும்புகளும் கறுப்பும் அப்படியே இருக்கட்டும் என்பது என் கட்சி. பஃபிங் சக்கரத்தில் கொடுத்தால் புது வார்ப்பு நகல் மாதிரி மொழுமொழுவென்று ஆகிவிடும், அதற்குப் புதுசே வாங்கியிருக்கலாமே.

ஜன்னலை இறுக்கி மூடுகிற டாக் போல்ட் ஒன்று இன்னும் அசையவில்லை, பெயின்ட் பாதி அப்படியே இருக்கிறது. அதற்குள் கம்பிக்கூண்டு போட்ட கப்பல் விளக்கு ஒன்றுக்கு விலை கேட்டிருக்கிறேன், வாட்ஸ்அப்பில் படம் வந்திருக்கிறது. அதிலும் ஒரு ஸ்க்ரூ இரும்பு மாதிரிதான் தெரிகிறது.