நிலவுக்கு வழிவிட்ட படகு

நாங்கள் கரை சேர்ந்து கயிற்றைக் கட்டிய கையோடு என் கணவர் தொலைபேசியை எடுத்து, உறவில் ஒருவர் விடாமல் அழைத்து, அந்த இரவைப் பற்றித் தமக்கு உகந்த வடிவில் சொல்லி முடித்துவிட்டார். அவருடைய கதையில் ஒரு மர்மக் கலம் வருகிறது, சமயோசிதம் வருகிறது, நான் மட்டும் கொட்டாவி விட்டபடி வந்து போகிறேன். ஆகவே என் தரப்பையும் எழுதி வைப்பது அவசியமாகிறது.

முதலில், "இருவர் மட்டும் கடலில், ஆகா!" என்று பெருமூச்சு விட்டவர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் பாய்மரப் படகு நல்ல காற்றில் மணிக்கு 5 கடல் மைல் போகும். ஒரு கடல் மைல் என்பது 1,852 மீட்டர் என்பதால், மிதிவண்டியில் அவசரமில்லாமல் போகிற ஒருவர் எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு முந்திச் செல்லலாம். இரவும் பகலும் நிற்காமல் ஓடினால்தான் நாளொன்றுக்கு 120 கடல் மைல் தேறும். நிற்காமல் ஓட வேண்டுமென்றால் ஒருவர் விழித்திருக்க வேண்டும். மோதல் தடுப்புக்கான 1972-ஆம் ஆண்டுப் பன்னாட்டு விதிகளில் 5-ஆவது விதி, எந்தக் கலமும் எல்லா நேரமும் கண்ணாலும் காதாலும் கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறது. படகில் இரண்டே பேர் இருந்தால் என்ன செய்வது என்று அந்த விதி கேட்கவில்லை. எனவே இரவு பத்து முதல் இரண்டு வரை அவர், இரண்டு முதல் ஆறு வரை நான், பகலிலும் அதே நான்கு மணி நேர முறை என்று குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிக் கையொப்பமிட்டுக்கொண்டோம்.

இதன் விளைவு என்னவென்றால், பதினொரு மீட்டர் நீளப் படகில் இணைபிரியாமல் வாழ்ந்துகொண்டே நாங்கள் ஒருவரையொருவர் சந்திப்பதில்லை. நான் விழித்திருக்கும்போது அவர் தூங்குகிறார், அவர் விழித்திருக்கும்போது நான் தூங்குகிறேன். ஆட்டம் குறைவாக இருக்கும் இடம் படகின் நடுப்பகுதி மட்டுமே என்பதால் இருவருக்கும் அங்குள்ள ஒரே படுக்கைதான். அவர் எழுந்த சூடு ஆறுவதற்குள் நான் அதில் விழுந்துவிடுவேன். முறை மாறும் பத்து நிமிடங்களில் பேசப்படுவதெல்லாம் காற்றின் திசை, கண்ணில் பட்ட விளக்குகள், குடுவையில் வெந்நீர் மிச்சமிருக்கிறதா என்பவைதான். சண்டை போடுவதற்குக்கூட நேரம் ஒதுக்கப்படாத ஏற்பாடு இது. இல்லறத்துக்கு உகந்ததென்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்த இரவு காற்று அடியோடு விழுந்துவிட்டது. பாயைச் சுருட்டிவிட்டு இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தோம் என்பதை ஆதாரபூர்வமாகக் குறிப்பிட வேண்டியிருக்கிறது. பாயில் மட்டும் போகும் கலத்துக்கு இயந்திரக் கலங்கள் வழிவிட வேண்டும். இயந்திரத்தை முடுக்கிவிட்டால் நாமும் இயந்திரக் கலமே, சலுகை ஏதும் கிடையாது. பௌர்ணமி கழிந்து நாளாகியிருந்தது. தேய்பிறைத் தசமியோ ஏகாதசியோ இருக்கும். நிலவு நாளுக்கு நாள் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்தி எழுவது என்பதால் நள்ளிரவு தாண்டியும் இருட்டு கெட்டியாகவே இருந்திருக்கிறது. என் கணவர் அந்த இருட்டில், தேநீரும் பொறுப்புணர்ச்சியும் நிறைந்தவராக அமர்ந்திருக்கிறார்.

அப்போது வலப்புற முன்பக்கத்தில், அடிவானத்தை ஒட்டி, செம்மை படர்ந்த இரண்டு ஒளிப்புள்ளிகள் தோன்றின. தேய்பிறையின் பிற்பகுதியில் நிலவின் ஒளிபட்ட விளிம்பு, இன்னும் எழாத சூரியனை நோக்கிக் கீழே பார்த்தபடி இருப்பதால், பிறையின் கொம்பு முனைகள்தாம் முதலில் மேலே வருகின்றன. 50 மீட்டருக்குக் குறையாத கப்பல்களுக்கோ பாய்மரத் தண்டு விளக்குகள் இரண்டு உண்டு. பின்னுள்ளது முன்னுள்ளதைவிட உயரத்தில் இருக்கும். ஒரு கொம்பு சற்றுத் தாழ்ந்தும் மற்றொன்று உயர்ந்தும் இருந்ததைக் கண்டவுடன் என் கணவர் அதைப் பெருங்கப்பல் என்று தீர்மானித்துவிட்டார். அந்த விளக்குகள் வெள்ளையாக இருக்க வேண்டுமே என்று நீங்கள் கேட்கலாம், நானும் கேட்டேன். தூசும் ஈரமும் கலந்த காற்றில் எல்லாம் சிவந்துதான் தெரியும் என்றார். அது உண்மைதான். நிலவும் அதனால்தான் சிவந்திருந்தது.

அவர் அவசரக்காரர் அல்லர் என்பது உங்களுக்கே தெரியும். கைவைத்தியம் பார்ப்பதற்குக்கூட இரண்டு புத்தகங்களைப் புரட்டுகிறவர். கைத்திசைகாட்டியை எடுத்து அந்த ஒளியின் திசைக்கோணத்தை அளந்தார். சற்றுப் பொறுத்து மறுபடி அளந்தார். நெருங்கி வரும் கலத்தின் திசைக்கோணம் குறிப்பிடத்தக்க அளவில் மாறாவிட்டால் மோதும் அபாயம் உண்டென்று கொள்ள வேண்டும் என்கிறது 7-ஆவது விதி. மாறவே இல்லை. நிலவு சில நிமிடங்களில் தன் திசையை எவ்வளவு மாற்றிக்கொண்டுவிடும்? அடிவானத்தில் கிடந்த மேகப்பட்டை வேறு அதை மறைத்து மறைத்துக் காட்டியது. இடையில் ஒரு கணம் சிவப்பு மட்டும் தெரிந்திருக்கிறது. நமக்கு வலப்புறத்தில் ஒரு கப்பலின் சிவப்பு விளக்கு தெரிந்தால் அது குறுக்கே வருகிறது, வழிவிட வேண்டியவர்கள் நாம்தான். இது 15-ஆவது விதி. அவர் விதிப்படி படகை வலப்புறம் திருப்பினார். திருப்பியதும் அந்தக் கலம் நேர் எதிரே வந்து நின்றது. நேருக்கு நேர் வரும் இரு கலங்களும் தத்தமக்கு வலப்புறம் திரும்ப வேண்டும் என்பது 14-ஆவது விதி. இவர் மறுபடியும் திரும்பினார். எதிர்க்கலம் விதியை மதிக்கவில்லை.

கப்பல்களின் இருப்பிடத்தைக் காட்டும் கருவியைப் பெரியவன் புறப்படுமுன் பொருத்திக் கொடுத்திருந்தான். பன்னாட்டுப் பயணம் செய்யும் கப்பல்களில் 300 மொத்த டன்னும் அதற்கு மேலும் உள்ளவை தங்கள் இருப்பிடத்தை அறிவித்துக்கொண்டே போக வேண்டும் என்பது சட்டம். திரையில் அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. நிலவு 300 டன்னைவிடப் பெரியதுதான் என்றாலும் அதற்கு அந்தக் கடமை விதிக்கப்படவில்லை. கருவியை அணைத்துவிட்டுத் திருட்டுத்தனமாக வருகிறார்கள் என்று முடிவு கட்டி, என் முறைக்கு இன்னும் நேரமிருக்கையில், "எழுந்திரு, எழுந்திரு, கடத்தல் கப்பல்" என்று என்னை உலுக்கினார். உயிர்காப்பு அங்கியைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு மேலே போனேன். படகு பயணத்தைக் கைவிட்டு ஆழ்கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மேகத்துக்கு மேலே அழகான பிறை ஒன்று முழுவதுமாக ஏறியிருந்தது. நாங்கள் இருவரும் அதையே சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அவர், "எதற்கும் நீ ஒரு தடவை பார்ப்பது நல்லதென்று நினைத்தேன்" என்றார்.

அனுபவப்பட்ட மாலுமிகளுக்கே இது நேர்வதுண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

சண்டை போட வேண்டும்; ஆனால் அவருடைய முறை முடிந்து அவர் படுக்கப் போய்விட்டார். மிஞ்சியிருந்தது குறிப்பேடு. நேரம், இருப்பிடம், செல்லும் திசை, வேகம், காற்று, காற்றழுத்தம் என்ற கட்டங்களுக்குப் பிறகு கடைசியில் "குறிப்பு" என்று ஒரு கட்டம் உண்டு. இரண்டு விரல் அகலம்தான். அவர் ஏற்கெனவே எழுதியிருந்தார்: "01.48. வலப்புறம் கலம் ஒன்று. திசைக்கோணம் மாறவில்லை. வழிவிடப் படகு திருப்பப்பட்டது." அதன் கீழே நான் எழுதினேன்: "01.56. மேற்படிக் கலம் நிலவு என அடையாளம் காணப்பட்டது."

மறுநாள் அதன்மீது ஒரு கோடு இழுக்கப்பட்டு, அவருடைய சுருக்கொப்பம் இடப்பட்டிருந்தது. குறிப்பேட்டில் எதையும் அழிக்கக் கூடாது. தவறு நேர்ந்தால் படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோட்டால் அடித்துச் சுருக்கொப்பமிடுவதுதான் முறை. எனவே நிலவு கோட்டுக்கு அடியிலும் பளிச்சென்று தெரிந்தது. "அடித்தல் ஏற்கப்படவில்லை" என்று பக்கத்தில் எழுதினேன். "குறிப்பு பயணத்துக்குத் தொடர்பற்றது" என்று மதியம் பதில் வந்தது. "பயணத்தின் திசையே மாறியிருக்கையில் தொடர்பற்றது எப்படி?" என்று மாலையில் கேட்டேன். அதன்பின் குறிப்புக் கட்டம் மற்ற கட்டங்களுக்குள் வழிந்து, காற்றழுத்தத்தின் மேலெல்லாம் ஏறிப் படர்ந்துவிட்டது. தேநீர்ப் பாத்திரம் கழுவப்படாமல் படிக்கட்டின் அடியிலிருந்து மீட்கப்பட்டது பற்றி ஒரு குறிப்பு. ஈரக் காலுறைகள் வரைபட மேசையில் உலர்த்தப்படுவது பற்றி ஒன்று. நல்ல காற்றில் பாயில் போன ஓர் இரவில் அவர் எழுதிவைத்ததை அப்படியே தருகிறேன்: "02.25. படகின் உள்ளிருந்து நீண்ட ஒலி. ஒவ்வொன்றும் 4 முதல் 6 விநாடி, இடைவெளி இரண்டு நிமிடத்துக்கு மேற்படாமல். மூடுபனி இல்லை." மூடுபனியில் இயந்திரக் கலம் எழுப்ப வேண்டிய ஒலியின் இலக்கணம் அது. நான் குறட்டை விடுவதில்லை என்று சின்னவளே சாட்சி சொல்வாள்.

இப்படிக் காகிதத்தில் போரிட்டபடியே வந்து சேர்ந்தோம். இந்தத் துறைமுகத்து அலுவலர் நல்ல மனிதர், மெல்லிய குரல். எங்கிருந்து, எப்போது என்று கேட்டுவிட்டு, குறிப்பேட்டைச் சற்றுக் காட்டுங்கள் என்றார். கடைசிப் பக்கத்தைப் பார்த்து முத்திரை குத்தியிருந்தால் போதும். அவர் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் பக்கம் பக்கமாகப் படித்தார். நடுவில் எழுந்து போய் அடுத்த அறையிலிருந்தவரை அழைத்துவந்தார். இருவரும் சேர்ந்து நிலவுப் பக்கத்தைப் படித்தார்கள். வந்தவர், "கடைசியில் அது உங்களுக்குப் பின்புறமாகக் கடந்துபோயிற்றா?" என்று மிகுந்த அக்கறையோடு விசாரித்தார். என் கணவர் சன்னலுக்கு வெளியே படகின் கயிறுகளைக் கவனிக்கத் தொடங்கினார்.

கயிற்றைச் சரிசெய்யும் சாக்கில் அவர் எழுந்து போன பிறகு, அலுவலர் முதல் பக்கத்தைத் திருப்பி என் முன் வைத்தார். உங்கள் முறை இரண்டு மணிக்குத் தொடங்குகிறது என்று போட்டிருக்கிறதே, நிலவுக்குப் பிந்தைய இரவுகளில் இரண்டு மணிக் குறிப்புக்குப் பிறகும் அவர் கையெழுத்தே தொடர்கிறதே, சில நாளில் மூன்று மணிக் குறிப்புகூட அவருடையதாக இருக்கிறதே, முறையை மாற்றிக்கொண்டீர்களா என்று கேட்டார். நான் அந்தப் பக்கங்களை அவரைவிட அதிகம் படித்தவள். ஆனால் குறிப்புக் கட்டத்தை மட்டுமே படித்திருக்கிறேன். நேரக் கட்டத்தில் நமக்கு எதிராக யார் என்ன எழுதிவிடப் போகிறார்கள்? என் முறை வரவரச் சீக்கிரமாக விடிகிறதே, உடம்புக்குக் கடல் பழகிவிட்டது என்று உங்களில் சிலரிடம் நான் பெருமையாகச் சொன்னதும் நினைவுக்கு வந்தது.

படகுக்குத் திரும்பியதும், "என்னங்க, இரண்டு மணிக்கு ஏன் என்னை எழுப்பவில்லை?" என்று கேட்டேன். குனிந்து கயிற்றைச் சுற்றிக்கொண்டே, "உட்கார்ந்தபடியே கண் அசந்திருப்பேன்" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. பெரிய கப்பலின் தண்டு விளக்கு 6 கடல் மைலுக்குத் தெரிய வேண்டும். அது மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் வருகிறது, நாம் 5-இல் அதை எதிர்கொள்கிறோம் என்றால், விளக்கைப் பார்த்த கணத்திலிருந்து முட்டும் கணம்வரை கால் மணி நேரம்கூட இல்லை. இந்தக் கணக்கை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். இவர் தூங்குவாராம், இரவுக்கு இரவு, அதுவும் சரியாக என் முறை தொடங்கும் நேரத்தில்! 5-ஆவது விதியிலிருந்து தொடங்கி ஒரு பிடி பிடித்துவிட்டு, ஆதாரத்துக்காகக் குறிப்பேட்டைத் திறந்தபோதுதான் அந்த மூடுபனி ஒலிக் குறிப்பு கண்ணில் பட்டது. விநாடி எண்ணி, இடைவெளி அளந்து, மூடுபனி இல்லை என்பதையும் சரிபார்த்து எழுதியிருக்கிறார். நேரம் 02.25.

"தூங்கிக்கொண்டிருந்தவர் இதை எப்படி எழுதினீர்கள்?" என்றேன்.

அவர் குறிப்பேட்டை வாங்கி, கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, நேரம் தவறாகப் பதிவாகியிருக்கிறது என்றார். பேனாவை எடுத்து 02.25-ஐ ஒற்றைக் கோட்டால் அடித்து, மேலே 01.25 என்று திருத்திச் சுருக்கொப்பமும் இட்டார். அந்த வரி இரண்டு மணிக் குறிப்புக்குக் கீழே இருப்பதை அவர் கவனிக்கவில்லை.