பாட்டியின் வேண்டுதல், தாத்தாவின் குடம்

தாத்தா போய் ஒரு வருஷம் ஆகும்வரை எங்கள் வீட்டில் யாரும் கோயில் விசேஷத்துக்குப் போகவில்லை. திவசம் முடிந்தபின் வந்த தைப்பூசத்தில் அவருடைய பால்குடத்தை நான் எடுத்தேன்.

குடம் எடுப்பதென்றால் முதல் வேலை அதை விளக்குவது. பாட்டிக்குப் புளிதான் சரி. தாத்தாவுக்கு பிராஸோ என்ற பித்தளை பாலிஷ், பட்டாளத்தில் பெல்ட் பித்தளையைத் தேய்த்துப் பழகிய கை. “சாமிக்குப் பால் ஊத்துற குடத்துல மருந்தைத் தடவுறீங்களே” என்று பாட்டி வருஷா வருஷம் சண்டை பிடிப்பார். கடைசியில் உள்ளே புளி, வெளியே பிராஸோ என்று சமாதானம் ஆனது. பழைய பனியனைக் கிழித்து விரலில் சுற்றி, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்ப்பார் தாத்தா. முகம் தெரிந்தால்தான் விடுவார். நானும் அப்படியே தேய்த்துப் பார்த்தேன். முகம் கலங்கலாகத்தான் தெரிந்தது.

வேண்டுதல் பாட்டியுடையது. 1957இல் தொடங்கிய சிங்கப்பூர் காலாட்படையின் முதல் பட்டாளத்தில் தாத்தா சேர்ந்திருந்தார். மலேசியா உருவானதை எதிர்த்து இந்தோனேசியா நடத்திய ‘கொன்ஃப்ரன்டாசி’ மோதல் மூண்டபோது, சிங்கப்பூரும் மலேசியாவில் இருந்ததால், அவர்களைச் சபா மாநிலத்தின் செபாத்திக் தீவுக்கு அனுப்பினார்கள். தீவில் பாதி இந்தப் பக்கம், பாதி எதிரிப் பக்கம். பெரியப்பா அப்போது கைக்குழந்தை. ஆள் முழுசாகத் திரும்பி வந்தால் பால்குடம் எடுக்கிறேன் என்று டேங்க் ரோடு முருகனிடம் பாட்டி வேண்டிக்கொண்டார்.

திரும்பி வந்தவர், “பிள்ளையை இடுப்புலயும் குடத்தைத் தலையிலயும் வச்சு எப்படி நடப்ப? வேண்டினது நீ, நடக்கிறது நான்” என்றாராம். ஒரு தடவைக்கு என்று ஆரம்பித்தது, முழங்கால் மக்கர் பண்ணும்வரை நின்றதே இல்லை. 1968இல் தைப்பூசம் பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து போனது. அப்புறம் ஆண்டு விடுப்பில் ஒரு நாள் முருகனுக்கு என்றாகிவிட்டது.

சண்டைக் கதை கேட்டால் கொசு, மழை, டின் மீன் என்று மூன்று வார்த்தையில் முடித்துவிடுவார். ஆனால் பாட்டி அனுப்பிய ஒரு கடிதத்தைப் பற்றி எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வார். அதில் பெரியப்பாவின் உள்ளங்காலை மையில் தோய்த்து அச்சு வைத்திருந்தார்களாம். சுண்டு விரல் மட்டும் பதியவில்லையாம். “ஒரு விரல் எங்கேன்னு ரெண்டு நாள் கவலைப்பட்டேன்” என்பார்.

சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் பின்னிரவில் வரிசையில் நின்று புறப்பட்டேன். டேங்க் ரோட்டுக்கு மூன்று, நாலு கிலோமீட்டர்தான். காலணியில்லாத கார்ப்பரேட் காலுக்கு அதுவே அதிகம். சிலிகி சாலை தாண்டுவதற்குள் குதிகால் எரிந்தது. பால் தளும்பிக் காதோரம் வழிந்து பிசுபிசுத்தது. “வேல் வேல்” என்று முன்னால் ஒரு சின்னப் பெண் கத்திய வேகத்தில்தான் பாதி தூரம் நடந்தேன்.

தோபி காட் வந்தது. அங்கேதான் மெக்டொனால்ட் ஹவுஸ். அதே கொன்ஃப்ரன்டாசியில், 1965 மார்ச் 10ஆம் தேதி, அங்கே இந்தோனேசியர்கள் வைத்த குண்டு வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். எதிரே நினைவுச்சின்னம் வைத்தது 2015இல்தான். ஆனால் அதற்கு வெகு காலம் முன்பிருந்தே தாத்தா அந்த இடத்தில் ஒரு கணம் நிற்பார். பின்னால் வருகிறவர்கள் முட்டிக்கொள்வார்கள். கூட நடந்த சின்ன வயசில், மூச்சு வாங்குகிறார் என்று நினைத்துக்கொள்வேன். தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணிக்குப் போய், ‘செடியா’ என்ற மலாய்க் கட்டளைக்கு விறைத்து நிற்கப் பழகிய பிறகுதான் அது உறைத்தது. இரண்டு கையும் குடத்தில் இருக்கும்போது சல்யூட் வைக்க முடியாது. குதிகால்களைச் சேர்க்கத்தான் முடியும்.

நானும் சேர்த்து நின்றேன். “அண்ணே, நிக்காதீங்க, நடங்க நடங்க” என்றார் ஒரு தொண்டூழியர்.

1859இல் செட்டியார்கள் கட்டிய கோயில். உள்ளே கூட்டத்தில் சாமியைப் பார்த்தது சில நொடிகள்தான். பால் அபிஷேகத்துக்குப் போனது, குடம் லேசானது, தலையில் மட்டும் பாரம் இருப்பது போலவே வெகு நேரம் இருந்தது.

வீட்டுக்கு வந்து குடத்தைப் பாட்டி கையில் கொடுத்தேன். உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். அப்புறம் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வெளியே அவர் மருந்தைப் போட்டியா?”

“போட்டேன் பாட்டி.”

“பத்தல” என்றார்.