செல்ஃப் சுத்துது, ஸ்டார்ட் ஆகல: 1,400 ரூபாய் சென்சாருக்காக அலைந்த மூன்று வாரம்

பண்ருட்டி தாண்டி ஒரு டீக்கடை. சென்னையிலிருந்து கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறோம். மே மாத வெயில். பின்சீட்டில் மாமியார், டிக்கியில் சீர்த்தட்டு. கால் மணி நேரம் நிறுத்தி டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் செல்ஃப் ஜோராகச் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. மறுபடி, மறுபடி. பத்துப் பன்னிரண்டு தடவை அடித்திருப்பேன். அப்படி அடிக்கக்கூடாது என்று அப்போது தெரியாது. ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் போகக்கூடாது, அடுத்ததற்கு அரை நிமிஷமாவது விட வேண்டும். இல்லையென்றால் ஸ்டார்ட்டர் மோட்டாரும் சேர்ந்து போகும்.

கடையில் இருந்த நாலு பேர் உடனே தள்ள வந்துவிட்டார்கள். நல்ல மனசு, ஆனால் வீண் உழைப்பு. பேட்டரி இறங்கி செல்ஃப் சுற்றாத வண்டியைத்தான் தள்ள வேண்டும். செல்ஃப் நன்றாகச் சுற்றும் வண்டியைத் தள்ளினால், மோட்டார் செய்கிற அதே வேலையை மனுஷன் செய்கிறான், அவ்வளவுதான். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கெடுக்கிற ஆபத்து வேறு. இதுவும் பின்னால் தெரிந்ததுதான். அன்றைக்கு இருநூறு அடி தள்ளினோம்.

இன்ஷூரன்ஸோடு ரோடு சைடு அசிஸ்டன்ஸுக்கும் சேர்த்துப் பணம் கட்டியிருந்தேன். போன் போட்டால் பாலிசி நம்பர் கேட்டார்கள், வண்டி நம்பர் கேட்டார்கள், லேண்ட்மார்க் கேட்டார்கள். "டீக்கடை, பக்கத்தில் பலாப்பழம் விற்கிறார்கள்" என்றேன். பண்ருட்டியில் அது ஒரு அடையாளமா! மூன்று பேரிடம் கைமாறி, கடைசியில் இரண்டரை மணி நேரம் ஆகும் என்றார்கள். (தேசிய நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டால் 1033 என்ற உதவி எண் இருக்கிறது. எனக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை, நீங்கள் போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.)

ஒரு மணி நேரம் கழித்துச் சும்மா சாவியைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனது. மாமியார் ஏதோ வேண்டுதல் முடிந்துகொண்டார், அதுதான் காரணம் என்றார். நானும் நம்பினேன். சூடாக இருந்தால் வராது, ஆறினால் வரும் என்பது எவ்வளவு பெரிய துப்பு! அதைக் காலடியில் போட்டு மிதித்துவிட்டுக் கல்யாணச் சாப்பாட்டுக்கு ஓடினேன்.

சென்னை திரும்பியதும் பெட்ரோல் பங்கில் அடுத்த கச்சேரி. பின்னால் வரிசையாக ஹாரன். இறங்கித் தள்ளி ஓரம் கட்டினேன். ஏரியா மெக்கானிக் வந்தார். மீட்டரெல்லாம் எடுக்கவில்லை. "பேட்டரி மூணு வருஷம் ஆச்சா சார்? அப்ப அதுதான்." 4,600 ரூபாய். அவர் பேட்டரியை மாற்றி முடிப்பதற்குள் என்ஜின் ஆறியிருந்தது, ஸ்டார்ட் ஆனது, அவர் ஜெயித்துவிட்டார். இதில் இன்னொரு கூத்து, பேட்டரி வயரைக் கழற்றியதில் ஈசிஎம்மில், அதாவது என்ஜின் கம்ப்யூட்டரில், பதிவாகியிருந்த பழுதுக் குறியீடும் (கோட்) அழிந்துபோயிருக்கலாம். யாராவது உங்கள் வண்டியில் பேட்டரி வயரைக் கழற்றப் போனால், "இருங்கண்ணே, முதல்ல ஸ்கேன் பண்ணிடலாம்" என்று சொல்லுங்கள்.

நாலே நாளில் திரும்ப அதே கதை. இந்தத் தடவை அவர் வரும்போதே வண்டி ஆறிவிட்டது, முதல் அடியிலேயே ஸ்டார்ட். "இப்ப நல்லாத்தானே இருக்கு சார்." டாக்டர் முன்னால் போய் நின்றதும் வலி நின்றுவிடுகிற மாதிரி. கொஞ்சம் யோசித்துவிட்டு, "பெட்ரோல் பம்ப் வீக்கா இருக்கும்" என்றார். 6,800 ரூபாய். பம்ப் ஓடுகிறதா என்று பார்க்கக் காசே வேண்டாம். ரேடியோவை அணைத்துவிட்டு சாவியை ஆன் நிலையில் மட்டும் வைத்தால், பின்சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு விநாடி 'உய்ங்' என்று சத்தம் வரும். என் வண்டியில் அது ஆரம்பத்திலிருந்தே வந்துகொண்டுதான் இருந்தது. நான் கேட்டிருக்கிறேன், அர்த்தம்தான் தெரியவில்லை. பழைய பம்பைக் கொடுங்கள் என்று கேட்டேன், காயலான் கடைக்குப் போய்விட்டது என்றார். ஒரே நாளிலா!

மூன்றாவது தடவை தாம்பரம் ஸ்டேஷன் வாசலில். எனக்கு வெறுத்துவிட்டது. 2,500 ரூபாய்க்கு டோ வண்டி பிடித்து, கார் மேலே ஏறி, வொர்க்‌ஷாப் வாசலில் இறக்கினால்... ஆமாம், ஸ்டார்ட் ஆனது. டோ வண்டி டிரைவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "சார், இது சூட்டுப் பிரச்சினை. எனக்குத் தெரிஞ்ச எலக்ட்ரிஷியன் ஒருத்தர் இருக்காரு" என்று நம்பர் கொடுத்தார். மூன்று வாரத்தில் எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான யோசனை அதுதான்.

அந்த எலக்ட்ரிஷியனுக்கு அறுபது வயதிருக்கும். போனிலேயே சொல்லிவிட்டார்: "ஆறின வண்டிய எங்கிட்ட கொண்டு வராதீங்க தம்பி. இருபது கிலோமீட்டர் ஓட்டிட்டு சூடா வாங்க." ஓட்டிப் போனேன். பானெட்டைத் திறக்க விடாமல் என்ஜினை அணைக்கச் சொல்லிப் பதினைந்து நிமிஷம் உட்கார வைத்தார். அணைத்த பிறகு கூலண்ட் ஓடாது, காற்றும் படாது, அதனால் உள்ளே சூடு இன்னும் ஏறும் என்றார். பிறகு சாவியைத் திருப்பச் சொன்னார். வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக என் வண்டி ஸ்டார்ட் ஆகாததற்குச் சந்தோஷப்பட்டேன்.

அவர் என்ஜின் பக்கமே போகவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளப் பாருங்க" என்றார். முள் பூஜ்யத்தில் செத்துக் கிடந்தது. "அது லேசாத் துள்ளணும். துள்ளலன்னா, என்ஜின் சுத்துறதே கம்ப்யூட்டருக்குத் தெரியல." எல்லா வண்டியிலும் முள் துள்ளாது, அதனால் ஸ்கேனரையும் மாட்டினார். செல்ஃப் சுற்றும்போது லைவ் டேட்டாவில் ஆர்பிஎம் 0. பி0335 என்று ஒரு பழுதுக் குறியீடும் காட்டியது. கிராங்க் ஷாஃப்ட் பொசிஷன் சென்சார்.

விஷயம் இதுதான். கிராங்க் ஷாஃப்டோடு சுற்றும் ஒரு பல் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு இந்தச் சென்சார் உட்கார்ந்திருக்கும். பல் கடக்கக் கடக்க அது அனுப்புகிற சிக்னலை வைத்துத்தான் எப்போது பொறி, எப்போது பெட்ரோல் என்று கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. சிக்னல் இல்லையா, இரண்டும் கிடையாது. என் சென்சாரின் உள்ளே இருக்கும் சுருள் கம்பியில் எங்கோ விரிசல். சூட்டில் விரிந்து தொடர்பு அறும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். அவர் ஒரு துணியைப் பானைத் தண்ணீரில் நனைத்து, கீழே கையை விட்டு, சென்சார் மேல் வைத்துக்கொண்டு இரண்டு நிமிஷம் குந்தியிருந்தார். "அடிங்க." ஒரே அடியில் பிடித்தது. எனக்கு அவர் காலில் விழலாம்போல் இருந்தது. வாங்கிக்கொண்ட கூலி 500 ரூபாய்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் பார்ட்ஸை நானே வாங்கி வருகிறேன் என்று வீராப்பாக ஜி.பி. ரோடு போனேன். மாடலும் வருஷமும் சொன்னேன், கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். கொண்டுவந்து பார்த்தால் வயர் சொருகுகிற இடத்தில் மூன்று பின். என்னுடையது இரண்டு பின். ஒரே மாடலில் பாதி வருஷத்தில் சென்சாரை மாற்றியிருக்கிறார்கள். எலக்ட்ரிக்கல் பார்ட்ஸ் திருப்பி எடுக்க மாட்டோம் என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறது, யார் படித்தார்கள்? மறுநாள் ஆர்சி நகலும் பழைய சென்சாரும் கையில். சேசிஸ் நம்பரைத் தட்டிப் பார்த்துச் சரியானதை எடுத்தார்கள், 1,400 ரூபாய். முன்னூறு ரூபாய்க்கும் ஒன்று காட்டினார்கள். இவ்வளவு பட்ட பிறகு அதைத் தொடுவேனா? பத்தாம் நம்பர் ஸ்பேனர், ஒரே ஒரு போல்ட், இருபது நிமிஷம்.

உங்கள் வண்டி மக்கர் செய்தால் அதுவும் சென்சார்தான் என்று கடைக்கு ஓடிவிடாதீர்கள். மீட்டரில் சாவிப் படம் மினுக்கினால் அது இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லையென்றால் ஸ்டார்ட் ஆக விடாத திருட்டுத் தடுப்பு), மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள். 'உய்ங்' சத்தம் வராவிட்டால் பம்பைச் சந்தேகப்படுங்கள், அதிலும் முதலில் ஃபியூஸையும் ரிலேயையும் பாருங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றும்போது நனைந்து பெட்ரோல் வாசம் அடித்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் இல்லை. காய்ந்திருந்தால் பெட்ரோல் எட்டவில்லை. ரொம்ப நேரம் அடித்து என்ஜின் நனைந்துவிட்டால், ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு அடியுங்கள், பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பெட்ரோலை நிறுத்தி உள்ளே இருப்பதைக் காய வைக்கும். இரண்டு நாள் நிறுத்தி வைத்த வண்டி என்றால் எலி வேலையாகவும் இருக்கலாம். பானெட்டைத் திறந்து வயரில் பல் தடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பம்பைப் பற்றி ஏரியா மெக்கானிக்கிடம் கேட்காமல் இருக்க முடியவில்லை. "புதுப் பம்ப்தானே சார், இன்னும் பத்து வருஷத்துக்குக் கவலையில்ல" என்றார். வண்டி 2014 மாடல்.

போன வாரம் திரும்பக் கும்பகோணம். வேண்டுமென்றே அதே டீக்கடையில் நிறுத்தினேன். உச்சி வெயில், பதினைந்து நிமிஷம், இரண்டு டீ. நான் கார் கதவைத் திறந்ததும் கடைக்காரர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "தள்ளணுமாண்ணே?" என்று எழுந்துவிட்டார். சாவியைத் திருப்பினேன். முள் துள்ளியது.